14-க்கு 11 அடிக் கூடத்தில் ஓர் ஏவி ரிசீவர்

தமிழ்நாட்டில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது உள்ளூர்க் கடையில் கோத்துக் கொடுக்கும் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயர்தான். உள்ளே 4440 ஐசி போட்ட போர்டுகள், கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர், முகப்பில் நீல எல்இடி, யுஎஸ்பி பிளேயர், பின்புறம் வரிசையாக ஸ்பீக்கர் இணைப்புகள். அந்த ஐசி கார் ஸ்டீரியோவுக்காக உருவாக்கப்பட்டது; இரு சேனலாகப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 6 வாட்ஸ், பிரிட்ஜ் முறையில் இணைத்தால் 19 வாட்ஸ் என்கிறது அதன் டேட்டாஷீட். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று பல ஆண்டுகள் உழைத்தது. பழுதானால் தெருமுனைக் கடையிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதியை வேறு எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை. ஆனாலும் அதில் ஆறு ஸ்பீக்கர்கள் ஒலித்தபோதும், பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலியே ஆறாகப் பங்கிடப்பட்டு ஒலித்தது. வசனம் திரையின் நடுவிலிருந்தும் மழைச் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்தும் தனித்தனியே வர வேண்டுமென்றால், படத்தோடு வரும் டால்பி அல்லது டிடிஎஸ் எனப்படும் பலசேனல் ஒலியைப் பிரித்தெடுக்கும் கருவி தேவை. அதற்காகத்தான் ஏவி ரிசீவர் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ரிசீவர் செய்யும் வேலைகளில் ஒலியைப் பெருக்குவது கடைசி வேலை. அதற்கு முன்பே அது டிஜிட்டல் ஒலியைச் சேனல்களாகப் பிரிக்கிறது, ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒலியை மில்லிசெகண்ட் கணக்கில் தாமதப்படுத்துகிறது, சிறிய ஸ்பீக்கர்களால் தாங்க முடியாத தாழ்ந்த ஒலியைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்புகிறது, அறையின் குணத்துக்கேற்ப ஒலியைத் திருத்துகிறது. கடைகளில் இவற்றைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் நான் ஏறிய கடைகளில் பெரும்பாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார் வேணும்?" என்பதாகவே இருந்தது.

வாட்ஸ் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் 5000 வாட்ஸ் பிஎம்பிஓ (கணநேர உச்ச ஆற்றல்) என்று அச்சிட்டிருந்ததை ஒதுக்கிவிடலாம். அந்த எண்ணுக்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது. நல்ல நிறுவனங்களின் ரிசீவர்களிலும் ஒரே கருவிக்கு இரண்டு விதமான எண்கள் அச்சிடப்படுவது உண்டு. 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களை ஒரே நேரத்தில் இயக்கி, 0.08 விழுக்காடு சிதைவுக்குள் அளந்தால் வருவது ஓர் எண். 6 ஓம் ஸ்பீக்கரில், 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் மட்டும், ஒரே ஒரு சேனலை இயக்கி, 10 விழுக்காடு சிதைவை அனுமதித்து அளந்தால் வருவது அதைவிட மிகப் பெரிய எண். அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் முதல் எண்ணைத் தேடிப் பிடித்து, அதை வைத்தே கருவிகளை ஒப்பிட வேண்டும். எல்லாச் சேனல்களையும் ஒன்றாக இயக்கினால் அந்த எண்ணும் குறையும்.

அந்த எண்ணிலும் 50-க்கும் 80-க்கும் உள்ள வேறுபாடு காதுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும்: ஏறத்தாழ 2 டெசிபல். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். ஒலி இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவை. நான் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல்; 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அந்த அளவு ஒலிக்கும் என்று பொருள். 3 மீட்டரில் அது திறந்த வெளிக் கணக்குப்படி 78 டெசிபலாகக் குறைகிறது. மூடிய அறையில் சுவர்களின் எதிரொலி இதைச் சற்றுக் கூட்டித் தரும். வீட்டில் வசனம் கேட்கும் சாதாரண அளவு 65 முதல் 70 டெசிபல் வரை என்பதால், படத்தின் பெரும்பகுதி நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் 1 வாட்டுக்கும் குறைவாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெடிச்சத்தம் போன்ற உச்சங்களுக்குத்தான் மீதி ஆற்றல் தேவை. ஆகவே 14 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்ட எங்கள் கூடத்துக்கு 70, 80 வாட்ஸ் என்று நேர்மையாக அளந்து சொல்லும் ரிசீவர் தாராளம் என்று தீர்மானித்து, விலையில் மிஞ்சியதைச் சப்வூஃபருக்கு ஒதுக்கினேன்.

வாட்ஸைத் தள்ளிவைத்த பிறகு நான் உறுதிசெய்துகொண்டவை இரண்டு. முதலாவது, மைக் வைத்து அறையை அளக்கும் வசதி. டெனான், மராண்ட்ஸ் கருவிகளில் ஆடிசி என்றும், யமஹாவில் ஒய்பாவோ என்றும், பயனியரில் எம்கேக் என்றும் இதற்குப் பெயர்கள் வேறுபடும். வேலை ஏறக்குறைய ஒன்றே. மலிவான மாடல்களில் மைக் வைக்கும் இடம் ஒன்றாகவும், அடுத்த நிலையில் ஆறு அல்லது எட்டாகவும் இருக்கும். இரண்டாவது, இந்தியாவுக்கான 230 வோல்ட் மாடல்தானா என்பது. வெளிநாட்டிலிருந்து சுமந்து வந்து குறைந்த விலைக்கு விற்கப்படும் பெட்டிகளில் அமெரிக்காவுக்கான 120 வோல்ட் கருவிகள் கலந்திருக்கின்றன. அவற்றை நம் வீட்டுச் சுவரில் நேரடியாகச் செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்றாலும், உத்தரவாதம் இல்லாத கருவிக்குக் கூடுதலாக ஒரு சுமையை ஏன் சேர்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். பின்புறத் தகட்டில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

ஸ்பீக்கர்களில் முன்புற மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கார் திரையின் இடமிருந்து வலமாகப் போகும்போது அதன் உறுமல் நடுவில் வேறு குரலாக மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். பின்புறத்துக்கு அவ்வளவு கறார் தேவையில்லை; வீட்டிலிருந்த பழைய 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஜோடியே அங்கே போயிற்று. பழைய டிவிடி ஹோம் தியேட்டர் பெட்டிகளோடு வந்த சின்ன ஸ்பீக்கர்களை மட்டும் இப்படிப் பயன்படுத்த எண்ண வேண்டாம். அவற்றில் பல 3 அல்லது 4 ஓம் கொண்டவை. 6 முதல் 8 ஓம் வரை எதிர்பார்க்கும் ரிசீவர், தடை குறைந்தால் கூடுதல் மின்னோட்டம் கொடுக்க நேர்ந்து, சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளலாம்.

வயர் விஷயத்தில் இரண்டு தீவிரங்கள் உண்டு: மெல்லிய சிவப்பு கறுப்பு வயரே போதும் என்பவர்கள் ஒரு பக்கம், மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் மறுபக்கம். கணக்கு எளிது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 13.3 ஓம் தடை. பின்புற ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் வயர் போனால், போக வர 20 மீட்டருக்கு 0.27 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. முன்புறத்துக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் என்பதால் அங்கும் அதே வயர். கவனிக்க வேண்டியது உலோகத்தை: சந்தையில் செம்பு என்று விற்கப்படும் வயர்களில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் மலிந்திருக்கிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தூக்கிப் பார்த்தாலும் எடை குறைவு. சுவருக்குள் புதைந்த மின்சாரக் குழாயிலேயே ஸ்பீக்கர் வயரையும் இழுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். 230 வோல்ட் வயரோடு ஸ்பீக்கர் வயரை ஒரே குழாயில் விடுவது பாதுகாப்பில்லை என்பதால், தரையோர ஸ்கர்ட்டிங் பட்டைக்கு மேலே தனி பிவிசி கேசிங் அடிக்கச் சொன்னேன்.

ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இணைக்குமுன் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை வயரின் மறுமுனையில் ஒரு கணம் தொட்டுப் பார்ப்பது நல்லது. பேட்டரியின் நேர்முனை சிவப்பில் பட்டால் கூம்பு முன்னோக்கி நகர வேண்டும். உள்ளே போனால் எங்கோ சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கின்றன. இதைச் செய்துவிட்டால், பின்னர் மைக் அளவையின்போது "ஃபேஸ்" (முனைகள் மாறியிருக்கலாம்) என்று ரிசீவர் எச்சரித்தாலும் பதற்றமின்றி அதைக் கடந்து போகலாம். சில ஸ்பீக்கர்களின் உள்சுற்று அமைப்பே அந்த எச்சரிக்கையை வரவழைப்பதுண்டு.

இடம் வகுப்பதுதான் வீட்டாரோடு பேச்சுவார்த்தை தேவைப்பட்ட கட்டம். சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் பின்புற ஒலிக்கு இடமே இருக்காது; தாழ்ந்த ஒலியும் சுவரருகே வீங்கும். நடக்கும் வழி குறுகும் என்ற நியாயமான எதிர்ப்புக்கு நடுவே இரண்டடி முன்னே இழுக்க ஒப்புதல் கிடைத்தது. உட்காருமிடத்திலிருந்து முன்புற ஸ்பீக்கர்கள் 2.8 மீட்டர் தூரத்தில் அமைந்தன. இடது வலது ஸ்பீக்கர்களுக்கு நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 பாகை வரை என்பது டால்பியின் பரிந்துரை. இரண்டுக்கும் இடையே 2.35 மீட்டர் விட்டதில் 25 பாகை கிடைத்தது. பின்புற ஜோடி 110 பாகையில், காதுக்கு ஓரடி மேலே சுவரில் ஏறியது. வலப்பக்கம் வாசற்கதவு குறுக்கிட்டதால் அந்த ஸ்பீக்கர் மட்டும் 40 சென்டிமீட்டர் தள்ளிப்போயிற்று. ஒலி 1 மில்லிசெகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும் என்பதால், அந்த வித்தியாசத்தை ரிசீவரின் தாமதக் கணக்கே சரிசெய்துவிடும். சுவரை இடிக்க வேண்டியதில்லை. நடு ஸ்பீக்கர் டிவி மேசையின் கீழ்த்தட்டில் இருப்பதால், அதன் முன்விளிம்புக்கு அடியில் ரப்பர் கட்டை வைத்து முகத்தைக் காதை நோக்கிச் சாய்த்தேன். மேசையின் விளிம்பைத் தாண்டி ஸ்பீக்கர் ஒரு விரற்கடை முன்னே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் வசனம் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

சப்வூஃபருக்கு நான் அதிகம் உழைத்தேன், அதற்குக் காரணம் நம் வீடுகளின் கட்டுமானம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, விட்ரிஃபைடு டைல்ஸ் ஆகிய மூன்றுமே தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் வெளியே விடாமல் திருப்பி அனுப்புபவை. மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கே அப்படியே பொருந்தா. அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, அதைக் கொண்டு ஒலியின் வேகத்தை வகுத்தால் அந்த அறையில் எந்த அலைவெண்ணில் ஒலி வீங்கும் என்று தெரியும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது. 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 52 ஹெர்ட்ஸ், 10 அடிக் கூரை உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸ். மூன்றும் சினிமா ஒலியின் அதிரடிப் பகுதியிலேயே விழுகின்றன.

சப்வூஃபரைச் சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் ஏற்றி வைத்துவிட்டு, தாழ்ந்த தாளமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்துபோய்க் கேட்பது பழைய உத்தி. எங்கே தாளம் வீங்காமலும் மெலியாமலும் கேட்கிறதோ அதுவே சப்வூஃபருக்கான இடம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் இதைவிட நம்பகமான வழியை நான் அறியேன். இடது முன்மூலையில் எல்லா அலைகளும் ஒருசேர எழும்பி வயிற்றைக் கலக்கின. டிவி மேசையை ஒட்டி, அறையின் அகலத்தில் ஏறக்குறைய நடுவில் வைத்தபோது 52 ஹெர்ட்ஸ் வீக்கம் நன்றாக அடங்கியது, ஏனென்றால் அகலத்தால் எழும் அலைக்கு நடுப்பகுதி ஓர் அமைதிப் புள்ளி. மேசையின் அந்தப் பக்கமே அதன் நிரந்தர இடமாயிற்று. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டது கீழ்வீட்டாருக்காக.

பிறகு 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, வீட்டில் எது எது அதிர்கிறது என்று பார்த்தேன். பரணில் அடுக்கியிருந்த எவர்சில்வர் அண்டா ஓர் இடத்தில் பாடியது, பீரோவின் கதவு இன்னோர் இடத்தில், ஜன்னல் கண்ணாடி வேறோர் இடத்தில். அண்டாவுக்குள் துணி, பீரோ கதவில் ஃபெல்ட் துண்டு, ஜன்னலுக்கு ரப்பர் பீடிங். ஸ்பீக்கரைச் சந்தேகிக்குமுன் பாத்திரங்களைச் சந்தேகிக்க வேண்டும். டைல்ஸ் தரையில் பவானி ஜமக்காளம் விரித்ததும் கைதட்டினால் எழும் கிணுகிணுப்பு குறைந்தது. அது மேல் அலைவெண்களை மட்டும்தான் உறிஞ்சும்; பாஸ் வீக்கத்தை ஜமக்காளமும் திரைச்சீலையும் தொடவே தொடா.

மைக் அளவையை இரவில், மின்விசிறி, ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் நிறுத்திவிட்டுச் செய்தேன். மைக்கைச் சோபாவின் முதுகில் வைக்கக் கூடாது. கேமரா முக்காலியில், காதின் உயரத்தில் இருக்க வேண்டும். சப்வூஃபரின் பின்னாலுள்ள, எந்த அலைவெண்ணில் ஒலியைப் பிரிப்பது என்று தீர்மானிக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் வைத்துவிட்டு, ஒலி அளவுக் குமிழைப் பாதியில் நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அந்தப் பிரிப்பு வேலையை இனி ரிசீவர் பார்த்துக்கொள்ளும். அளவை முடிந்ததும் முடிவுகளை ஒருமுறை தணிக்கை செய்தேன். தூரங்கள் டேப் அளவோடு ஒத்துப்போயின; சப்வூஃபருக்கு மட்டும் உண்மையைவிட அதிகத் தூரம் காட்டியது. அதன் உள்ளே இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துச் சொல்வதால் அப்படி வருகிறது. அதைத் திருத்தக் கூடாது. திருத்த வேண்டியது வேறொன்று: முன்புற ஸ்பீக்கர்களை "லார்ஜ்", அதாவது தாழ்ந்த ஒலியையும் தாங்குபவை என்று ரிசீவர் பதிந்திருந்தது. ஐந்தரை அங்குலக் கூம்பிடம் 40 ஹெர்ட்ஸ் வேலையைக் கொடுப்பது நியாயமில்லை என்பதால் எல்லாவற்றையும் "ஸ்மால்" ஆக்கி, முன்புறத்துக்கு 80 ஹெர்ட்ஸ், சிறிய பின்புற ஜோடிக்கு 100 ஹெர்ட்ஸ் என்று கிராஸ்ஓவர் வைத்தேன். தாழ்ந்த அதிரொலிக்கென்றே உள்ள எல்எஃப்இ சேனலின் எல்லை 120 ஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும். அந்தச் சேனல் பதிவாவதே அதுவரைதான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வீட்டில் 5.1 வராமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் டிவியின் அமைப்புப் பட்டியலில் ஒளிந்திருக்கும் ஒரு வரி. டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம் என்று இருந்தால், டிவி தானே ஒலியைப் பிரித்து இரண்டு சேனலாக்கித்தான் ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியே அனுப்பும். அதைப் பாஸ்த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்ற வேண்டும். ரிசீவரின் முகப்பில் ஸ்டீரியோ என்பது மறைந்து டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று எழுத்து மாறுவதே அதற்கான சான்று. ஓடிடி செயலிகளின் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும்) ஒலியும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸுக்குள்ளேயே வருவதால், அதற்குப் பழைய ஏஆர்சியே போதும். புளூரே வட்டின் ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி போன்ற இழப்பில்லாத ஒலியை டிவி வழியாக அனுப்புவதற்குத்தான் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி தேவைப்படும். ஆப்டிகல் வயரால் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸைக்கூடச் சுமக்க முடியாது. டிடிஎஸ் ஒலியுள்ள கோப்புகளைப் பென் டிரைவில் வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸைக் கைவிட்டுவிட்டது. அத்தகைய வீடுகளில் பிளேயரை நேரே ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரே எச்டிஎம்ஐ வயரை விடுவதே வழி. நானும் செட்டாப் பாக்ஸையும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையும் அப்படித்தான் இணைத்தேன்.

வசனம் தாழ்ந்தும் பாட்டு உரத்தும் வருகிறது என்ற வீட்டாரின் நெடுநாள் புகாருக்கு, நடுச் சேனலை 2 டெசிபல் உயர்த்தியதும், இரவில் டைனமிக் ரேஞ்சை (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை) சுருக்கும் வசதியை இயக்கியதும் பெருமளவு தீர்வாயின. பழைய திரைப்பாடல்களைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு: மோனோவாகப் பதிவான பாடலை, இரு சேனல் ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பும் டால்பி சரவுண்ட் முறையில் கேட்டால், இரு பக்கமும் ஒரே ஒலி இருப்பதால் ரிசீவர் அதை முழுவதுமாக நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும், மற்றவை மௌனமாக இருப்பதைக் கண்டு பழுது என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றுக்கு ஸ்டீரியோ முறைக்கு மாறுவதே சிறந்தது.

ரிசீவரின் மேல்மூடியில் கை வைத்தால் சுடும். கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயரின் இயல்பு அது. மேலே அரையடி இடம் விட்டு, மூடிய அலமாரியைத் தவிர்த்துத் திறந்த தட்டில் வைத்தேன். நம் ஊரில் வெப்பத்தைவிடப் பெரிய ஆபத்து பல்லி. வெதுவெதுப்பான பெட்டியின் துளைகளுக்குள் புகுந்து போர்டில் விழுந்து ஷார்ட் ஆவது பழுதுபார்ப்பவர்கள் நன்கறிந்த செய்தி. பின்புறத் துளைகளுக்கு மெல்லிய கம்பிவலையை, காற்றோட்டத்தை மறைக்காதபடி, சற்று இடைவெளி விட்டுச் சட்டத்தில் கட்டினேன். சதுர அலை இன்வெர்ட்டரின் மின்சாரத்தில் ஸ்பீக்கரில் ரீங்காரம் எழுந்ததால், ரிசீவருக்கான பிளக்கை இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்து பிரித்து, எர்த் சரியாக உள்ள தனி இணைப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

நான் வாங்கியது ஏழு சேனல் ரிசீவர். இப்போது ஐந்துதான் வேலை செய்கின்றன. மீதி இரண்டையும் முன்புற ஸ்பீக்கர்களுக்கே சேர்த்துக் கொடுத்து பை ஆம்ப் செய்யலாம் என்று கையேடு ஒரு வழி சொல்கிறது. ஒரே மின்மூலத்திலிருந்து இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஆற்றலைப் பெறுவதால் அதில் கேட்கத்தக்க பயன் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. அட்மாஸுக்கான கூரை ஸ்பீக்கர் இரண்டு அங்கே வர வேண்டும். கட்டி முடித்த கான்கிரீட் கூரையில் குழாய் பதிக்க முடியாது என்பதால், அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது சோபாவுக்கு மேலே மட்டும் ஒரு குறுகிய பொய்க்கூரை அமைத்து, அதற்குள் வயரைக் கொண்டுபோவதாகத் திட்டம். அதுவரை அந்த இரண்டு இணைப்புகளும் தூசி மூடியோடு காலியாகவே இருக்கும்.